வேற்றுலக அறிவுயிர் வாய்ப்பை +2 பிள்ளைகளுக்குக் கணக்காகக் காட்டுவது எப்படி?

அம்பை டீச்சர்
எல்லோருக்கும் வணக்கம். +2 பிள்ளைகள் 40 பேர், ஒன்றரை மணி நேரம், தலைப்பு "அண்டத்தில் வேறு எங்கேயாவது அறிவுள்ள உயிர் இருக்க வாய்ப்பு எவ்வளவு". டிரேக் சமன்பாட்டை (பால்வீதியில இன்னைக்கு ரேடியோவோட இருக்கிற நாகரிகம் எத்தனைன்னு ஏழு காரணியைப் பெருக்கிப் பார்க்கிற கணக்கு) பலகையில் எழுதி ஒவ்வொரு காரணிக்கும் ஒரு எண் போட்டுப் பெருக்கினால், ஒரு புத்தகத்துல 10 வருது, இன்னொண்ணுல 10,000, மற்றொண்ணுல பத்து லட்சம். "எது சரி டீச்சர்?"ன்னு கேட்டா பதில் வேணும். லேபில் பத்து கணினி இருக்கு, எல்லாத்துலயும் லிப்ரே ஆபிஸ் இருக்கு. கையால செய்யக்கூடிய ரேடியோ செய்முறை ஏதாவது சேர்க்க முடிஞ்சா இன்னும் நல்லது.

ராதாபுரம் காத்து
டீச்சர், இதுக்கு எதுக்குக் கணக்கு? நம்ம பால்வீதியில மட்டும் 10,000 கோடியில இருந்து 40,000 கோடி விண்மீன் வரைக்கும் சொல்லுதாவ. கெப்ளர் தொலைநோக்கி 2009-ல போய் 2018-க்குள்ள 2,600-க்கு மேல கோளைக் காட்டிட்டு. இப்போ மொத்தக் கணக்கு 6,000-த்தைத் தாண்டியாச்சு. இவ்வளவு இருக்கையில நாம மட்டும்தான்னு சொல்லுதது அகராதித்தனமால்லா இருக்கு?

குறுக்குத்துறை
காத்து அண்ணாச்சி, அங்கதான் கணக்கு வழுக்குது. 40,000 கோடி என்பது 4-க்குப் பின்னால் 11 சுழி. ஒரு கோளில் உயிர் தானாக உருவாகும் வாய்ப்பு 10^20-ல் ஒன்று என்றால் அந்த 40,000 கோடியும் காணாமல் போய்விடும். 10-ல் ஒன்று என்றால் வானம் முழுக்க உயிர். இந்த இரண்டில் எது என்று சொல்லும் அளவீடு எதுவும் இன்று நம் கையில் கிடையாது. பெரிய எண்ணை மட்டும் காட்டிவிட்டு, அதோடு பெருக்கவேண்டிய சின்ன எண்ணைச் சொல்லாமல் விடுவதுதான் மேடையில் வழக்கமாக நடப்பது.

டீச்சர், முதலில் காரணிகளைப் பிரித்துவிடுங்கள். ஏழும் ஒரே தரத்து எண்கள் இல்லை.

அளந்தவை மூன்று. பால்வீதியில் ஆண்டுக்கு எத்தனை விண்மீன் பிறக்கிறது: ஒன்று முதல் மூன்று என்று வைக்கலாம். கோள் உள்ள விண்மீன்களின் பங்கு: ஏறக்குறைய எல்லாமே, 0.8-க்கும் 1-க்கும் நடுவில். நீர் தங்கும் தூரத்தில் பாறைக்கோள் எத்தனை: கெப்ளர் தரவை வைத்து 2020-ல் ஸ்டீவ் பிரைசன் குழு போட்ட கணக்கில், சூரியனை ஒத்த விண்மீன் ஒன்றுக்கு 0.37 முதல் 0.60 வரை. எல்லாவகை விண்மீனையும் சேர்த்துப் பேசும்போது 0.1 முதல் 1 வரை அகலமாக வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

1961-ல் அமெரிக்காவின் கிரீன் பேங்க் ரேடியோ ஆய்வகத்தில் நடந்த கூட்டத்துக்காக வானியலாளர் ஃபிராங்க் டிரேக் இதை எழுதியபோது இந்த மூன்றில் கோள் சம்பந்தப்பட்ட இரண்டும்கூட ஊகம்தான். சூரியனை ஒத்த விண்மீனைச் சுற்றும் முதல் கோள் 51 பெகாசி பி உறுதியானதே 1995-ல். கூட்டத்தில் வந்த விடை 1,000-க்கும் 10 கோடிக்கும் நடுவில்! ஆக உங்கள் புத்தகங்களின் வித்தியாசம் அச்சுப்பிழை இல்லை, பிறவியிலேயே உள்ளது.

அளக்காதவை நான்கு. உயிர் தோன்றும் பங்கு, அது அறிவாக வளரும் பங்கு, அந்த அறிவு ரேடியோ கட்டும் பங்கு, அப்படிக் கட்டியவர்கள் நீடிக்கும் காலம். இவற்றுக்கு ஒற்றை எண் போடுவதே தவறு. வீச்சு போடவேண்டும்.

அம்பை டீச்சர்
வீச்சு போட்டு எப்படிப் பெருக்குறது? குறைஞ்சதைக் குறைஞ்சதோட, கூடினதைக் கூடினதோட பெருக்கி இரண்டு ஓரம் காட்டுறதா?

குறுக்குத்துறை
அப்படிச் செய்தால் 0-க்கு அருகில் ஒன்று, கோடிக்கணக்கில் ஒன்று என்று இரண்டு ஓரம் மட்டும் கிடைக்கும், நடுவில் என்ன என்று தெரியாது. விரிதாளில் பத்தாயிரம் முறை சீட்டுக் குலுக்கிப் போடச் சொல்லுங்கள். 2018-ல் சாண்ட்பெர்க், டிரெக்ஸ்லர், ஆர்ட் என்ற ஆய்வாளர்கள் மூவரும் செய்தது இதன் பெரிய வடிவம்.

1. ஏழு நெடுவரிசை, 10,000 கிடைவரிசை. ஒவ்வொரு காரணிக்கும் 10-ன் அடுக்கில் கீழெல்லை, மேலெல்லை:
விண்மீன் பிறப்பு 0 முதல் 0.5
கோள் உள்ளவை −0.1 முதல் 0
நீர்த்தூரப் பாறைக்கோள் −1 முதல் 0
உயிர் −5 முதல் 0
அறிவு −3 முதல் 0
ரேடியோ −2 முதல் 0
நீடிக்கும் ஆண்டு 2 முதல் 8

2. ஒவ்வொரு கட்டத்திலும் சூத்திரம்: =10^(கீழ் + (மேல் − கீழ்) * ராண்ட்()). உயிருக்கு என்றால் =10^(−5 + 5*ராண்ட்()). ராண்ட் (RAND) ஒவ்வொரு முறையும் 0-க்கும் 1-க்கும் நடுவில் ஏதோ ஒரு எண்ணைத் தரும்.

3. எட்டாவது நெடுவரிசையில் ஏழின் பெருக்கல். அதுதான் அந்தக் கிடைவரிசையின் பால்வீதியில் இன்று ரேடியோவோடு இருக்கும் நாகரிகங்களின் எண்ணிக்கை.

4. அடியில் மூன்று கட்டம்: சராசரி, இடைநிலை (வரிசையாக அடுக்கினால் நடுவில் நிற்கும் எண்), 1-க்குக் கீழே உள்ள கிடைவரிசைகளின் சதவீதம்.

சராசரி 10,000-க்கும் 16,000-க்கும் நடுவில் ஆடும். இடைநிலை 0.5-ஐ ஒட்டி நிற்கும். 1-க்குக் கீழே உள்ளவை 54, 55 சதவீதம். அதாவது "சராசரியாகப் பன்னிரண்டாயிரம் நாகரிகம்" என்று சொல்லும் அதே தாளில், பாதிக்கு மேற்பட்ட பால்வீதிகள் காலி. ஒருசில கிடைவரிசைகளில் கோடியைத் தொடும் எண்கள் வந்து சராசரியை மேலே இழுத்துவிடுகின்றன. பிள்ளைகள் கேட்கப்போகும் கேள்விக்குப் பதில் இந்த மூன்று கட்டத்துக்குள்தான் இருக்கிறது.

பிறகு உயிர்க் காரணியை மட்டும் மாற்றச் சொல்லுங்கள், மற்ற ஆறையும் தொடவேண்டாம். 1 என்றே வைத்தால் காலியானவை சுமார் 16 சதவீதம். −30 முதல் 0 என்று விட்டால் 92 சதவீதம். ஒரு காரணியைப் பற்றிய நம் அறியாமை மட்டுமே விடையை 16-லிருந்து 92-க்கு நகர்த்துகிறது.

தவறு நேரும் இடங்கள்: முழு எண்ணை மட்டும் தரும் ராண்ட்பிட்வீன் போட்டுவிடுவார்கள், அடுக்கு −5, −4 என்று படியாகத் தாவும். ராண்ட்-ஐ ஒரே கட்டத்தில் போட்டு ஏழு காரணியும் அதையே சுட்டினால் எல்லாம் ஒன்றாக ஏறி இறங்கும், விடை தாறுமாறாகும். தாளில் எதைத் தொட்டாலும் 70,000 கட்டமும் மறுபடி கணக்கிடும், பழைய கணினி திணறும். எனவே தானியங்கிக் கணக்கீட்டை நிறுத்திவிட்டு எஃப்9 அழுத்தும்போது மட்டும் ஓடவிடுங்கள்.

ராதாபுரம் காத்து
> ஒரு காரணியைப் பற்றிய நம் அறியாமை மட்டுமே

நல்லா கேக்கேன் வே. −30-ன்னு யாரு சொன்னா? பூமியில உயிர் சட்டுன்னு வந்துட்டுல்லா? ஆஸ்திரேலியாவுல 348 கோடி வருசத்துக்கு முந்தின நுண்ணுயிர்ப் பாறை இருக்கு. பூமிக்கே 454 கோடிதான் வயசு. ஆரம்பத்துல குண்டுமழை, உருகின பாறை. அது ஆறின கையோட உயிர் வந்துட்டுன்னா சுலபமான காரியம்தானே?

கடனாநதி
பில்பாரா பாறையைச் சொல்றீங்க, சரி. அந்த வாதத்துல பாதி நிக்கும், பாதி நிக்காது.

நிக்குற பாதி: 2020-ல வானியலாளர் டேவிட் கிப்பிங் இதையே பேயீசியன் முறையில (கிடைச்ச சான்றை வச்சு வாய்ப்பைத் திருத்திக்கிட்டே போற முறை) போட்டுப் பார்த்தார். பூமியை முதல்ல இருந்து திரும்ப ஓடவிட்டா உயிர் சீக்கிரம் வரும்ங்கிறதுக்கு, தாமதமா வரும்ங்கிறதைவிட 3-க்கு 1 சாதகம். இன்னும் பழசு என்று சொல்லப்படுற, சர்ச்சையில இருக்கிற கார்பன் தடயத்தையும் ஏத்துக்கிட்டா 9-க்கு 1. அறிவுக்கு வந்தா நிலைமை மாறுது, அது அரிதுங்கிற பக்கம் 3-க்கு 2 சாயுது. கிட்டத்தட்ட நாணயம் சுண்டுற நிலை.

நிக்காத பாதி: பார்க்கிற ஆளும் அந்தக் கணக்குக்குள்ளயே இருக்காரு. சூரியன் 100 கோடி ஆண்டுக்கு ஏறத்தாழ 10 சதவீதம் பிரகாசம் கூடிக்கிட்டே போகுது. இன்னும் சுமார் 100 கோடி ஆண்டுல பூமி சிக்கலான உயிருக்குத் தாங்காத சூட்டுக்கு வந்திரும். உயிர் தோன்றினதுக்கு அப்புறம் கேள்வி கேட்கிற மூளை வர 300, 400 கோடி ஆண்டு ஆகும்னா, உயிர் சீக்கிரம் தொடங்கின கோள்ல மட்டும்தான் இந்தக் கேள்வியையே ஒருத்தர் கேட்க முடியும். தாமதமா தொடங்கின கோள்ல கேட்க ஆளே இருக்காது. அதனால "எங்க ஊர்ல சீக்கிரம் வந்தது"ங்கிறதை எல்லா ஊருக்கும் நீட்ட முடியாது. இயற்பியலாளர் பிராண்டன் கார்ட்டர் 1983-லயே இதைச் சொல்லியாச்சு. கிப்பிங் இதைக் கணக்குல சேர்த்ததுக்கு அப்புறமும் 3-க்கு 1 மிஞ்சுது. ஆனா அதுவும் பூமி மாதிரியே சூழல் உள்ள கோளுக்குத்தான் பொருந்தும்.

டீச்சர், காலக்கோடு ஒண்ணு வரைங்க. பலகையில 454 செ.மீ. நீளக் கோடு, 1 செ.மீ. = 1 கோடி ஆண்டு. ஒரு பலகை பத்தாது, சுவர்ல காகித ரோல் ஒட்டிக்கிடுங்க. இடது ஓரத்துல இருந்து 106 செ.மீ.ல பில்பாரா. 210-ஐ ஒட்டி வளிமண்டலத்துல ஆக்சிஜன் எட்டிப் பாக்குது. உட்கரு உள்ள செல் 275-க்கு மேலதான். விலங்கு 394-ஐ ஒட்டி. மனுச இனத்துக்கு 3 லட்சம் ஆண்டு, அது 0.3 மில்லிமீட்டர், பென்சில் கோட்டுக்குள்ள அடங்கிரும். ஹெர்ட்ஸ் ரேடியோ அலையைக் காட்டின 1887-க்குத் தனிக் கோடு போடவே முடியாது. பாக்டீரியாவுக்கும் உட்கரு செல்லுக்கும் நடுவுல கிடக்கிற அந்த ஒன்றரை மீட்டர் வெறுங்கோட்டைப் பிள்ளைகள் பார்க்கட்டும். கடினமான படி எதுன்னு கேட்டா என் ஓட்டு அங்கதான், உயிர்த் தொடக்கத்துல இல்லை.

இன்னும் இரண்டு தடை சேர்த்துச் சொல்லலாம். பால்பி, ஃபிராங்க் இரண்டு பேரும் 2023-ல சுட்டினது: திறந்தவெளியில நெருப்பு எரிய ஆக்சிஜன் 18 சதவீதமாவது வேணும். நெருப்பு இல்லைன்னா உலோகம் இல்லை, உலோகம் இல்லைன்னா ரேடியோ இல்லை. சனியோட நிலா என்செலடசுக்கு அடியில கடல் இருக்கு, அந்த நீர்ல பாஸ்பேட் இருக்கிறதை 2023-ல காட்டினாங்க. அங்க ஆக்டோபஸ் மாதிரி கெட்டிக்கார உயிரே இருந்தாலும் பனிக்கூரைக்கு அடியில அடுப்பு மூட்ட முடியாது. இரண்டாவது, ஸ்டெர்ன், கெர்யா 2024-ல சொன்னது: கண்டமும் கடலும் சேர்ந்து இருந்து, நிலத்தட்டு நகர்வு 50 கோடி ஆண்டுக்கு மேல நீடிக்கிற கோள்களோட பங்கு 0.002-க்கும் கீழ, 0.00003-க்கும் கீழ போகலாம்னு. இதை நான் முழுசா நம்பலை, ஒரே கோளைப் பார்த்து எழுதினது. ஆனா அறிவுக் காரணிக்கு −3-ஐ விடக் கீழ போட இடமிருக்குன்னு காட்டுது.

ராதாபுரம் காத்து
ஒரே கோளைப் பாத்து எழுதினா நம்ப மாட்டீய, அதே ஒரே கோளைப் பாத்துக் கார்ட்டர் எழுதினா நம்புவீயளா அண்ணாச்சி 😄

கடனாநதி
கார்ட்டர் எண் எதுவும் தரலை, எண்ணை எடுக்கிற முறையில உள்ள ஓட்டையைத்தான் காட்டினார். இரண்டும் வேற.

ராதாபுரம் காத்து
சரி, அப்போ இதுக்குப் பதில் சொல்லுங்க. 2025-ல கே2-18பி-யில உயிர் வாடைன்னு எல்லா டிவியிலயும் ஓடுச்சே?

கடனாநதி
124 ஒளியாண்டு தூரம், பூமியைப்போல 8.6 மடங்கு நிறை. ஜேம்ஸ் வெப் நிறமாலையில டைமெத்தில் சல்பைடு (பூமியில கடல் நுண்ணுயிர் விடுற வாயு) மாதிரி ஒண்ணு தெரியுதுன்னு சொன்னாங்க, 3 சிக்மா அளவுல (சிக்மா கூடக்கூட அது தற்செயலா வந்திருக்க வாய்ப்பு குறையும்). அறிவியல்ல கண்டுபிடிப்புன்னு சொல்ல 5 சிக்மா கேட்பாங்க. மற்ற குழுக்கள் அதே தரவை வேற மாதிரி பொருத்திப் பார்த்தப்போ அந்தத் தடயம் தேவையே படலை. அந்த வாயு வால்நட்சத்திரத்துலயும் கண்டிருக்காங்க, உயிர் இல்லாமலே உருவாகும். அப்படியே உண்மையா இருந்தாலும் அது நுண்ணுயிர் பற்றின சேதி, டீச்சரோட தலைப்பு அறிவுயிர்.

ஆண்டெனா_தென்காசி
இவ்வளவு நேரம் உயிர் வருமா வராதான்னு பேசியாச்சு. "இருந்தா இந்நேரம் சத்தம் கேட்டிருக்கணுமே"ங்கிற கேள்விக்கு யாரும் வரலியே. பிள்ளைக கட்டாயம் கேக்கும். 1950-ல இயற்பியலாளர் ஃபெர்மி கேட்டதே அதுதான்.

கணக்கு இது. மனுசன் இதுவரைக்கும் அனுப்பினதுல பலமானதுன்னா புவெர்ட்டோ ரிக்கோவுல இருந்த அரெசிபோ ரேடார், 2020-ல இடிஞ்சு விழுந்துட்டு. அனுப்பு சக்தி 10 லட்சம் வாட். 305 மீட்டர் தட்டு அதை ஒரே திசையில 2 கோடி மடங்கு குவிச்சுது. அந்தத் திசையில நிக்கிறவனுக்கு அது 2×10^13 வாட் மாதிரி. அதே 2 கோடிக்கு இன்னொரு பக்கமும் இருக்கு: வானத்துல 2 கோடியில ஒரு பங்குதான் அந்தக் கதிருக்குள்ள வரும்.

எதிர்ப் பக்கம் கிரீன் பேங்க் மாதிரி 100 மீட்டர் தட்டு, 20 கெல்வின் இரைச்சல், 1 ஹெர்ட்ஸ் அகலச் சேனல், 5 நிமிசம் உத்துக் கேட்டா, இரைச்சலைப்போல 10 மடங்கு குறியீடு கிடைக்கிற தூரம் சுமாரா 780 ஒளியாண்டு. அவ்வளவுதான். பால்வீதி அகலம் ஒரு லட்சம் ஒளியாண்டு. சாதாரண டிவி கோபுரம் 10 லட்சம் வாட்டுன்னு வச்சா 0.2 ஒளியாண்டுக்குள்ளயே செத்துப்போகும். "நம்ம பழைய ஒலிபரப்பு எல்லாம் அங்க கேட்டுக்கிட்டிருக்காவ"ங்கிறது கதை.

இப்போ குறுக்குத்துறை தாளுல 1,000 நாகரிகம்னு வந்த கிடைவரிசையை எடுங்க. தட்டையான பால்வீதியில 1,000 பேரைச் சிதறவிட்டா பக்கத்து வீட்டுக்காரன் சராசரியா 1,400 ஒளியாண்டுல இருப்பான். 780-க்கு வெளிய. ஆயிரம் பேர் இருந்தும் வானம் அமைதியா இருக்கலாம். அதனால அமைதியை வச்சு "யாரும் இல்லை"ன்னு முடிக்க முடியாது. 2018-ல ஜேசன் ரைட் குழு எல்லாத் தேடலையும் கூட்டிப் போட்ட கணக்குல, தேட வேண்டியது பூமியோட மொத்தக் கடல்னு வச்சா, அதுல 7,700 லிட்டர் அளவுதான் இதுவரைக்கும் மொண்டு பாத்திருக்கோம். நம்ம ஊர்த் தண்ணி லாரி ஒரு நடைக்கு ஏறக்குறைய அவ்வளவு.

குறுக்குத்துறை
ஆமாம். ஆனால் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள் டீச்சர்: விண்மீன் விட்டு விண்மீன் தாவிக் குடியேறுபவர்கள் இருந்தால் இந்த வாதம் அவர்களுக்குப் பொருந்தாது. ஒளிவேகத்தில் நூறில் ஒரு பங்கு வேகத்தில் போனாலும், வழியில் தங்கிப் பெருகும் காலத்தையும் சேர்த்துச் சில கோடி ஆண்டுக்குள் பால்வீதி நிரம்பிவிடும், பால்வீதியின் வயதோ 1,000 கோடி ஆண்டுக்கு மேல். 1975-ல் மைக்கேல் ஹார்ட் வைத்த வாதம் இதுதான், இன்றும் பலமானது. ரேடியோ அமைதி பலவீனமான சான்று, வீட்டு வாசலில் யாரும் வந்து நிற்காதது அதைவிடக் கனமான சான்று.

ராதாபுரம் காத்து
1977-ல "வாவ்" சிக்னல்?

ஆண்டெனா_தென்காசி
ஆகஸ்டு 15, ஒகையோவுல பிக் இயர் தொலைநோக்கி. பலமான ரேடியோ சிக்னல் ஒண்ணு 72 விநாடி ஏறி இறங்குச்சு, அது அந்தக் கதிருக்குள்ள ஒரு விண்மீன் கடக்கிற நேரம். அதுவரைக்கும் சரி. அந்தக் கருவிக்கு இரண்டு ஹார்ன் (அலையை வாங்குற கொம்பு). ஒண்ணு கடந்து சுமார் மூணு நிமிசத்துல இன்னொண்ணுலயும் வந்திருக்கணும், வரலை. அப்புறம் எத்தனையோ தடவை அதே இடத்தைப் பாத்தும் இல்லை. திரும்ப வராததை வச்சு எதுவும் சொல்ல முடியாது.

பாடத்துக்கு வாவ்-ஐ விட பிஎல்சி1-ங்கிற சிக்னல் நல்லது. 2019-ல ஆஸ்திரேலியாவுல உள்ள பார்க்ஸ் தட்டு, சூரியனுக்கு அடுத்து நமக்கு ரொம்பப் பக்கத்துல உள்ள விண்மீனான பிராக்சிமா பக்கம் பாத்தப்போ 982.002 மெகாஹெர்ட்ஸ்ல ஒத்தைக் கோடு. தட்டைத் திருப்பினா மறைஞ்சுது, திரும்ப வச்சா வந்துது. எல்லாரும் நிமிந்து உக்காந்தாவ. 2021-ல சோபியா ஷேக் குழு பழைய பதிவைக் கிண்டினா, அதே சாயல்ல வேற அலைவரிசையிலயும் கோடு இருக்கு, தட்டு வேற பக்கம் பாக்கையிலயும் இருக்கு. நம்ம மின்னணுச் சாமான்தான். அதே பார்க்ஸ்ல வருசக்கணக்கா குழப்பின பெரிட்டான்ங்கிற ரேடியோ துடிப்பு, ஓடிக்கிட்டிருக்கிற மைக்ரோவேவ் அடுப்புக் கதவைத் திறந்ததால வந்ததுன்னு 2015-ல தெரிஞ்சுது.

அம்பை டீச்சர்
ரொம்ப நல்லா இருக்கு. இதுல கையால செய்யக்கூடியது எது? நாங்களே வானத்தைக் கேட்க முடியுமா?

ஆண்டெனா_தென்காசி
அறிவுயிரைக் கேக்க முடியாது, பால்வீதியில உள்ள ஹைட்ரஜன் வாயு தானா விடுற ரேடியோ அலையைக் கேக்க முடியும். இரண்டும் ஒரே இடம்தான்: 1420.406 மெகாஹெர்ட்ஸ், 21.1 செ.மீ. அலைநீளம். 1959-ல கொக்கோனியும் மாரிசனும் இங்க தேடுங்கன்னு எழுதினாவ, 1960-ல டிரேக் அங்கதான் டாவ் செட்டி, எப்சிலான் எரிடானி இரண்டையும் கேட்டாரு. நம்ம ஊரு 8.7 பாகை அட்சம், அதனால அந்த இரண்டும் தெற்கால 65, 72 பாகை உசரத்துக்கு வரும். பிள்ளைக கையை நீட்டிக் காட்டலாம்.

சாமான்:

அலைக்குழாய்ப் பெட்டி: உள்ளளவு அகலம் 16, உயரம் 8, நீளம் 25 செ.மீ., ஒரு முனை மூடி. 16 செ.மீ. அகலத்துக்கு அடிவெட்டு 937 மெகாஹெர்ட்ஸ், அதுக்குக் கீழ உள்ள அலை குழாய்க்குள்ள போகாது. நமக்கு வேண்டியது தாராளமா போகும், அடுத்த முறைமை (அலை குழாய்க்குள்ள ஓடுற இன்னொரு விதம்) 1874-லதான் தொடங்கும்.

ஊசி: 2 மி.மீ. செம்புக்கம்பி, 5.2 செ.மீ. அகலச் சுவர் நடுவுல, மூடின முனையில இருந்து 7 செ.மீ. தள்ளி, 8 செ.மீ. உயரத்துக்கு இணையா நிக்கணும். குழாய்க்குள்ள அலைநீளம் 28 செ.மீ.யா நீளும், அதுல காவாசிதான் இந்த 7. வெளிய உள்ள 21-ஐ நாலால வகுத்து 5.3-ல துளை போடுதவங்கதான் நெறைய.

கொம்பு: வாய் 75×60 செ.மீ., தொண்டையில இருந்து வாய் வரைக்கும் 70. 16 செ.மீ. பக்கம் 75-ஆ விரியும், 8 செ.மீ. பக்கம் 60-ஆ. அரை மி.மீ. அலுமினியத் தகடு, இல்லாட்டி தெர்மகோல் பலகையில அலுமினியத் தாள். பெருக்கம் 18 டெசிபெல் வரும், கதிரகலம் 18 பாகையை ஒட்டி.

எல்என்ஏ (இரைச்சல் குறைஞ்ச பெருக்கி): 1420-க்கு வடிப்பானோட ஒரே பலகையா வருதது வாங்குங்க, நூஎலெக் சாபேர்ட் எச்1 மாதிரி. வடிப்பான் இல்லாம போட்டா 900, 1800 செல் கோபுரம் அடிச்சு மூடிரும்.

வாங்கி: ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் (கணினியில சொருகுற சின்ன ரேடியோ), பயாஸ் டீ உள்ளது (கேபிள் வழியாவே எல்என்ஏக்கு மின்சாரம் குடுக்கும்).

எல்என்ஏ ஊசிக்கு ஒட்டி இருக்கணும். 3 மீட்டர் ஆர்ஜி-58 கேபிள் போட்டு அதுக்கப்புறம் எல்என்ஏ வச்சா சுமாரா 2 டெசிபெல் போகும், இரைச்சல் 170 கெல்வின் ஏறும், எல்லா வேலையும் வீண். எல்என்ஏக்கு அப்புறம் எவ்வளவு கேபிள் போட்டாலும் பரவாயில்லை.

சோதிக்க: கொம்பைத் தரையைப் பாத்துக் கவுத்து அளங்க, அப்புறம் பால்வீதி இல்லாத வானத்தைப் பாத்து. வித்தியாசம் 5 டெசிபெல்னா கருவி இரைச்சல் 130 கெல்வின், அருமை. 4-ன்னா 190, போதும். 2-க்குக் கீழன்னா எங்கியோ இணைப்பு விட்டிருக்கு, இல்ல பயாஸ் டீ ஓடலை.

அப்புறம் 2.4 மெகாஹெர்ட்ஸ் அகலத்துல, 1024 சேனல், 5 நிமிசம் சராசரி. ஒரு சேனல் அரை கி.மீ./விநாடி வேகம். தனுசுப் பக்கமோ சிக்னஸ் பக்கமோ வச்சா ஒரு டெசிபெல் அளவுக்கு மேடு எழும்பும். வெத்து வானத்துல எடுத்த கோட்டால வகுத்துட்டுப் பாருங்க, இல்லாட்டி டாங்கிளோட சொந்த வளைவைத்தான் பாப்பீய. சரியா 1420.4-ல மையம் வைக்காதீய, நடுவுல டாங்கிளோட சொந்தக் கூர்முள் ஒண்ணு நிக்கும். 1420.0-ல வைங்க. மேடு 4.7 கிலோஹெர்ட்ஸ் நகந்தா 1 கி.மீ./விநாடி.

சாரல் காலத்துல மேகம் மூடினாலும் 21 செ.மீ. ஊடுருவும், அதைப்பத்திக் கவலை இல்லை. ஆனா எஸ்எம்ஏ முனைக்குள்ள (கேபிள் மாட்டுற திருகு முனை) ஈரம் இறங்கினா எல்லாம் போச்சு, சுய ஒட்டு ரப்பர் டேப் சுத்திக்கிடுங்க.

கடனாநதி
இதே கொம்பால அறிவுயிர் சிக்னல் கேட்கவே முடியாதா? எவ்வளவு தூரத்துல தோக்குதுன்னு எண் இருந்தா பிள்ளைகளுக்குப் புரியும்.

ஆண்டெனா_தென்காசி
10 ஒளியாண்டுல ஒரு அரெசிபோ நம்மளையே பாத்துக்கிட்டு இருக்குன்னு வைங்க. 1 ஹெர்ட்ஸ் சேனல்ல இரைச்சல்ல ஐம்பதுல ஒரு பங்குதான் வரும். 10 மடங்கா தேற 69 மணி நேரம் கேக்கணும். அசையாத கொம்புக்கு முன்னால ஒரு விண்மீன் ஒரு நாளைக்கு ஒண்ணேகால் மணி நேரம்தான் நிக்கும், ஆக இரண்டு மாசம். அதுக்கும் மேல, டாங்கிள் படிகம் பத்து லட்சத்துல ஒரு பங்கு ஆடினாலே 1,420 ஹெர்ட்ஸ். 1 ஹெர்ட்ஸ் சேனல்னு நாம சொல்லுததுக்கே அர்த்தம் இல்லாமப் போயிரும். ஹைட்ரஜனுக்கு அது 0.3 கி.மீ./விநாடிதான், கண்டுக்க வேண்டாம்.

ஒண்ணு மட்டும் இதுல செஞ்சு காட்டலாம். பூமி சுத்துதுனால வெளியில இருந்து வர்ற ஒத்தை அலை நம்ம ஊர்ல விநாடிக்கு 0.16 ஹெர்ட்ஸ் வரைக்கும் நகரணும். நில நடுக்கோட்டுக்குப் பக்கம்ங்கிறதுனால நமக்கு ஏறக்குறைய முழு அளவும் கிடைக்கும். கொஞ்சமும் நகராம நிக்கிற கோடு லேபுக்குள்ள இருக்கிற ஏதோ ஒண்ணு. பிள்ளைகளை எல்இடி பல்பு, சார்ஜர், இன்வெர்ட்டர் ஒண்ணொண்ணா அணைக்கச் சொல்லி எந்தக் கோடு மறையுதுன்னு பாக்க விடுங்க. தேடுதவங்க வேலையில பெரும்பங்கு அதுதான்.

ராதாபுரம் காத்து
அப்போ கடைசியா பலகையில என்னத்த எழுதச் சொல்லுதீய? இருக்கா, இல்லையா?

குறுக்குத்துறை
மேலே சொன்ன மூவர் ஆய்வில், பால்வீதியில் நாம் மட்டுமே என்பதற்கு 53 முதல் 99.6 சதவீதம், காணக்கூடிய அண்டம் முழுவதிலும் நாம் மட்டுமே என்பதற்கு 39 முதல் 85 சதவீதம். எந்த அனுமானத்தை வைத்தார்கள் என்பதைப் பக்கத்தில் எழுதாமல் சதவீதத்தை மட்டும் எழுதவேண்டாம். பத்துக் கணினியிலும் உயிர்க் காரணியின் கீழெல்லையைப் பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும், ஒவ்வொரு குழுவும் தன் எல்லைக்குக் காரணம் சொல்லட்டும், பத்து விடையையும் பலகையில் வரிசையாக எழுதுங்கள்.

கடனாநதி
என் விடை கேட்டா: நுண்ணுயிர் நெறைய, ரேடியோ கட்டினவங்க பால்வீதியில நாம மட்டும். ஒன்றரை மீட்டர் வெறுங்கோடுதான் காரணம்.

ராதாபுரம் காத்து
நான் மாற மாட்டேன். ஆனா 40,000 கோடியை மட்டும் காட்டிப் பேசுததை விட்டுட்டேன்.

அம்பை டீச்சர்
நன்றி எல்லாருக்கும். தென்காசி அண்ணாச்சி, ஒரு சந்தேகம். சத்துணவுக் கூடத்துல 15 கிலோ எண்ணெய் டின் நெறைய கிடக்கு. பெட்டிக்குப் பதிலா அதையே வச்சா ஆகாதா?

ஆண்டெனா_தென்காசி
அப்படியே வச்சா ஆகாது டீச்சர். டின் பக்கம் சுமாரா 23 செ.மீ. அந்த அகலத்துல இரண்டாவது முறைமை 1,303 மெகாஹெர்ட்ஸ்லயே தொடங்கிரும். 1420-ல இரண்டும் சேந்து ஓடி ஒண்ணையொண்ணு குழப்பும், கதிர் கோணலாப் போகும். ஆனா டின்னை வீணாக்காதீய. மேலும் கீழும் வெட்டிப் பிரிச்சா 92 செ.மீ. நீளத் தகடு, உயரம் 30-க்கு மேல. 16, 8, 16, 8-ன்னு மடிக்க 48 போதும், தையலுக்கு 1 செ.மீ. விடுங்க. அலுமினியத்துல ஈயம் ஒட்டாது, டின் தகட்டுல ஒட்டும். தையல் முழுக்க ஈயம் வச்சுப் பத்தவைக்கலாம், எஸ்எம்ஏ முனையையும் நேராப் பத்தவைக்கலாம். அலுமினிய டேப்பை விட அது பத்து மடங்கு நம்பிக்கை, டேப்புப் பசை மின்சாரம் கடத்தாது. எண்ணெய்ப் பிசுக்கை சோடா உப்பு வெந்நீர்ல கழுவுங்க, உள்பக்கம் அரக்குப் பூச்சு இருந்தா தையல் வர்ற இடத்துல மட்டும் எமரி தாளால தேய்ங்க. வெட்டின ஓரம் கையைக் கிழிக்கும், பிள்ளைகளுக்குக் கையுறை குடுங்க.